ரெண்டு நம்பர் சொல்லுங்க

தோட்டத்திலிருந்து போன் வந்தால் நான் முதலில் கேட்பது இரண்டு எண்கள். "வோல்ட்டேஜ் எவ்வளவு காட்டுதுங்க? ஆம்ப்ஸ் எவ்வளவுங்க?" மோட்டார் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் வாங்கியது, யார் இறக்கியது என்பதெல்லாம் பிறகுதான். பாதிப் பேர், "அதெல்லாம் பாக்கலீங்க அம்மிணி, போட்டா உறுமுது, அப்பறம் டிரிப் ஆயிருது" என்பார்கள். "பெட்டிக்கிட்ட போயி, பாத்துட்டே சொல்லுங்க மாமா" என்று காத்திருப்பேன். 400, 13 என்று வந்தால் ஒரு பதில். 350, 16 என்று வந்தால் வேறு பதில். வோல்ட்டேஜ் சரியாக இருந்து ஆம்ப்ஸ் மட்டும் ஏழுக்கு இறங்கியிருந்தால், மோட்டாரில் குற்றமில்லை, போரில் தண்ணீர் கீழே போய்விட்டது அல்லது பம்பு தேய்ந்துவிட்டது என்று அங்கிருந்தே சொல்லிவிடலாம். ஆயிரம் அடியிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்குவதற்கு வண்டி வாடகை, ஆள் கூலி என்று ஆகும் செலவு சம்சாரிக்குத்தான் தெரியும். அந்தச் செலவைச் செய்யலாமா வேண்டாமா என்பதைப் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆடும் இரண்டு முட்களே பெரும்பாலும் சொல்லிவிடும்.

நான் கோவை கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியின் வைண்டிங் பிரிவில் வேலை பழகியவள். இப்போது அன்னூர் பக்கம் சொந்தமாக ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிகளில் காயில் சுற்றுவது, ஸ்லாட்டில் இறக்குவது, நூல் கட்டுவது ஆகிய வேலைகளில் பெண்கள் நிறையப் பேர். அந்த மேசையில் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஓம் விதி எனக்கு உண்மையில் விளங்கியது.

மோட்டாருக்குப் போகும் முன் வீட்டுக்குள் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்கு அதில்தான் சுத்தமாக வரும். அடியில் 1000 வாட், 230 வோல்ட் என்று எழுதியிருக்கும். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. ஆகவே 1000-ஐ 230-ஆல் வகுத்தால் அந்தப் பெட்டி இழுக்கும் கரண்ட் தெரியும்: 4.35 ஆம்பியர். அதன் உள்ளே இருக்கும் கம்பி கரண்டுக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது? வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க வேண்டும். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 53 ஓம். கணக்கு அவ்வளவுதான். வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால், வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்.

சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டு டிவி பார்க்கும் நேரத்தில் வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். கம்பி அதே கம்பி, தடை அதே 53 ஓம். 200-ஐ 53-ஆல் வகுத்தால் 3.77 ஆம்பியர், பெருக்கினால் 755 வாட். வோல்ட்டேஜ் குறைந்தது நூற்றுக்கு 13; சூடு குறைந்ததோ ஏறக்குறைய நூற்றுக்கு 25. வோல்ட்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே குறைகிறது. இரண்டும் பெருக்கலில் சேர்வதால் அடி இரட்டிப்பாக விழுகிறது. ராத்திரி இஸ்திரி போட்டால் சட்டைச் சுருக்கம் போகாததற்கு இதுதான் காரணம்.

இந்த உறவை 1827-இல் புத்தகமாக எழுதி வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் சைமன் ஓம். பூட்டு செய்யும் தொழிலாளியின் மகன். கொலோன் நகரப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வெவ்வேறு நீளக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளந்து குறித்துக் குறித்தே விதியைக் கண்டார். சொந்த நாட்டில் அவருக்கு முதலில் கிடைத்தது அலட்சியம். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. அதே 1841-இல்தான் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர், கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் இருபடியைப் பொறுத்தது என்று அளந்து எழுதினார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு, மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. என் கடைக்கு வரும் கருகிய காயில்களில் பெரும்பாலானவை ஜூல் கண்டதற்குச் சாட்சிகள்.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கும் ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரின் இரண்டு வயர்களுக்கு இடையே தடையை அளந்தால் மூன்று ஓம் போலக் காட்டும். சப்ளை 415 வோல்ட். இஸ்திரிப் பெட்டிக் கணக்கையே போட்டால் 415-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். 138 ஆம்பியர் வருகிறது. ஆனால் ஓடும் மோட்டாரில் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டினால் 13 ஆம்பியர்தான். மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை. மோட்டார் சும்மா கிடக்கும் கம்பிச் சுருள் இல்லை. ஏசி கரண்ட் காயிலுக்குள் காந்தத்தை உண்டாக்குகிறது. அந்தக் காந்தம் மாறிக்கொண்டே இருப்பதால், காயிலிலேயே சப்ளைக்கு எதிராக ஒரு வோல்ட்டேஜ் பிறந்து தள்ளுகிறது. நாம் கொடுக்கும் 415-இல் பெரும்பகுதியை அந்த எதிர் வோல்ட்டேஜ் தாங்கிக்கொள்கிறது. ரோட்டர் முழு வேகத்தில் சுற்றினால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் ரோட்டர் இன்னும் நகரவில்லை. அப்போது சாதாரண கரண்டைப் போல ஆறு மடங்குகூட இழுக்கும். அதனால்தான் ஸ்டார்ட் ஆகும்போது முள் எகிறிக் குதித்துப் பிறகு இறங்குகிறது. போரில் மண் வந்து பம்பு இறுகிவிட்டால் ரோட்டர் நகராது. முள் எகிறிய இடத்திலேயே நிற்கும். ஆறு மடங்கு கரண்ட் என்றால் முப்பத்தாறு மடங்கு சூடு. ஓவர்லோட் ரிலே சரியாக வைக்கப்பட்டிருந்தால் சில நொடிகளில் வெட்டிவிடும். "அடிக்கடி வெட்டுது" என்று ரிலேயின் திருகை ஏற்றி வைத்திருந்தால், அது வெட்டுவதற்குள் காயில் போயிருக்கும்.

வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் என்ன செய்யும் என்பதுதான் அடுத்த விஷயம். இஸ்திரிப் பெட்டியில் வோல்ட்டேஜ் இறங்கினால் கரண்டும் இறங்கியது. மோட்டாரில் நேர்மாறு. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்க இத்தனை வேலை என்பது மாறாது. அந்த வேலைக்கு வேண்டிய திறனை வோல்ட்டேஜில் எடுக்க முடியாவிட்டால் கரண்டில் எடுக்கும். 415 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுத்த மோட்டார், 350 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கரண்ட் கூடியது நூற்றுக்கு 18. ஜூல் கணக்குப்படி காயிலின் சூடு கூடியது நூற்றுக்கு 40. "வோல்ட்டேஜ் கம்மியாத்தானே இருந்துது, எப்படி எரியும்?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கம்மியாக இருந்ததால்தான் எரிந்தது.

இதைவிட மோசம் ரெண்டு பேஸ் ஓட்டம். த்ரீ பேஸ் வராத நேரத்தில் கண்டென்சர் மாட்டி இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவது இங்கே பரவலான பழக்கம். பயிர் வாடும்போது மனசு கேட்காது. அந்தத் தவிப்பு எனக்குப் புரியும். ஆனால் ஒரு பேஸ் போய்விட்டால் அதே வேலைக்கு மற்ற இரண்டில் கரண்ட் ஏறக்குறைய 1.73 மடங்கு ஏறும். 1.73-ஐ 1.73-ஆல் பெருக்குங்கள்: மூன்று. மூன்று மடங்கு சூட்டில் அந்தக் காயில்கள் கிடக்கின்றன. கண்டென்சர் அதை ஓரளவு குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது. கழற்றிப் பார்க்கும்போது மூன்று பேஸ் காயில்களில் இரண்டு கருகி, ஒன்று மட்டும் புதிதாகப் பளபளத்தால், எப்படி எரிந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்று பேஸ் மோட்டாரின் திறனைக் கணக்கிட வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது. மூன்று வயர்கள் மாறி மாறி வேலை செய்வதால் 1.732 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். பிறகு பவர் ஃபேக்டர் என்ற ஒன்று உண்டு. மோட்டார் வாங்கும் கரண்டில் ஒரு பகுதி காந்தத்தை உண்டாக்கப் போய் வேலை செய்யாமலே திரும்பிவிடும். அதைக் கழிப்பதற்காக 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். 1.732, 415, 13, 0.8 நான்கையும் பெருக்கினால் 7475 வாட், ஏறக்குறைய ஏழரை கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட். ஒரு எச்.பி. என்பது 746 வாட், ஏழரை எச்.பி. என்றால் 5595 வாட். ஏழரை கிலோவாட் உள்ளே போகிறது, 5.6 கிலோவாட் தண்டில் வேலையாக வருகிறது. மீதி சூடாகப் போகிறது. இது மோட்டாரின் குற்றமில்லை. குறுகிய போருக்குள் இறங்குவதற்காக ஒல்லியாகவும் நீளமாகவும் செய்யப்பட்ட மோட்டாரின் இயல்பு அது.

ஆனால் கேபிளில் போவது அப்படியல்ல. அது நம் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் கேபிள் கணக்கை வையுங்கள்.

அன்னூர், அவிநாசி, பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கங்களில் ஆயிரம் அடி போர் சாதாரணம். ஆயிரம் அடி என்பது 305 மீட்டர். நாலு ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 ஓம் தடை. அப்படியானால் மோட்டார் வரை போகும் ஒவ்வொரு வயருக்கும் ஒன்றரை ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு வயரிலும் 19.5 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். பேஸுக்குப் பேஸ் கணக்கில் 34 வோல்ட். மூன்று வயரிலும் சூடாகப் போகும் திறன் 760 வாட். ஒரு எச்.பி.-யைவிடக் கொஞ்சம் கூடுதல். ஏழரை எச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டு, ஒரு எச்.பி. அளவுக்குக் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம். ஆறு ஸ்கொயர் கேபிளாக இருந்தால் தடை ஒரு ஓம், இழப்பு 507 வாட். பத்து ஸ்கொயராக இருந்தால் 0.6 ஓமுக்குக் கீழே, இழப்பு 300 வாட்டுக்கும் குறைவு.

மேலே பெட்டியில் 360 வோல்ட் காட்டி, கரண்ட் 15 ஆம்பியர் ஓடுகிற நாளில் நாலு ஸ்கொயர் கேபிளில் 39 வோல்ட் போகும். ஆயிரம் அடிக் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 321. நாம் பெட்டியைப் பார்த்து 360 இருக்கிறது, ஓட்டலாம் என்று நினைக்கிறோம். மோட்டாருக்கு அந்த 360 தெரியவே தெரியாது. கேபிளில் அப்போது கரையும் திறன் ஆயிரம் வாட்டைத் தாண்டும். முன்னே கணக்குப் போட்டோமே ஒரு இஸ்திரிப் பெட்டி, அதை முழு வோல்ட்டேஜில் போட்டு போர்க்குழிக்குள் தொங்கவிட்டதற்குச் சமம்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரே வருஷத்தில் மோட்டார் மறுபடி மறுபடி எரிந்தது. வைண்டிங் சரியில்லை என்று கடையை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு புது மோட்டாரே வாங்கினார்கள், அதுவும் போனது. என்னிடம் வந்தபோது அந்த வீட்டுப் பெரியவர், "கண்ணு, இது மோட்டார் பீடையா, போர் பீடையான்னு தெரியலயே" என்றார். மோட்டாரை விட்டுவிட்டுக் கேபிளின் கதையைக் கேட்டேன். முதலில் போர் அறுநூறு அடி. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கி, ஒவ்வொரு தடவையும் கேபிளில் நூறடி, நூற்றைம்பதடி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஐந்து எச்.பி.-க்கு வாங்கிய பழைய இரண்டரை ஸ்கொயர் கேபிள் மேலே அப்படியே இருக்கிறது. மோட்டார் மட்டும் ஏழரை ஆகிவிட்டது. இரண்டரை ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு எட்டு ஓம். அதற்கு மேல் ஒட்டுகள்.

ஒட்டு என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அந்தக் கேபிளில் ஒரு ஒட்டு தளர்ந்து பச்சை பூத்திருந்தது. அப்படிப்பட்ட ஒட்டில் அரை ஓம் தடை இருப்பதாக வையுங்கள். 13 ஆம்பியர் ஓடினால் அங்கே 6.5 வோல்ட் விழும். பெருக்கினால் 84 வாட். கட்டைவிரல் அளவு இடத்தில் 84 வாட் சூடு! டேப் உருகும், இன்சுலேஷன் போகும், அந்த ஒரு பேஸில் மட்டும் வோல்ட்டேஜ் குறைந்து மற்ற இரண்டில் கரண்ட் ஏறும். பத்து ஸ்கொயர் கேபிளை ஒட்டில்லாமல் ஒரே நீளமாக இறக்கச் சொன்னேன். செலவைக் கேட்டுப் பெரியவர் தயங்கினார். எரிந்த மோட்டார்களுக்கு ஆன செலவை அவருடைய மகன் கூட்டிச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அந்தத் தோட்டத்து மோட்டார் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

தடையை அளக்க மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். சாதாரண மல்டிமீட்டர் ஒரு ஓம், இரண்டு ஓம் போன்ற சின்ன தடைகளில் நம்பும்படி அளவு காட்டாது. மீட்டரின் சொந்த வயருக்கே அதில் ஒரு பங்கு தடை இருக்கும். அதனால் எங்கள் தொழிலில் ஓம் செய்ததையே நாங்களும் செய்கிறோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயிலுக்குள் கரண்ட் விட்டு, ஆம்பியர் எவ்வளவு ஓடுகிறது, காயிலின் முனைகளில் வோல்ட் எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியே அளந்து வகுக்கிறோம். மூன்று வயர்களில் இரண்டிரண்டாக எடுத்து மூன்று தடவை. 12 வோல்ட்டுக்கு 3.97 ஆம்பியர் ஓடினால் 3.02 ஓம். அடுத்த ஜோடியில் 4.32 ஆம்பியர், 2.78 ஓம். மூன்றாவதில் 4.30 ஆம்பியர், 2.79 ஓம். இரண்டு ஜோடிகள் குறைந்து ஒன்று மட்டும் சரியாக நிற்கிறது. அந்த இரண்டுக்கும் பொதுவான பேஸில் சுற்று குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிரிக்காமலேயே எந்தக் காயில் என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கு வந்து பொருந்தும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

இதே முறையால் மோட்டார் உள்ளே எவ்வளவு சூடாகிறது என்றும் கண்டுபிடிக்கலாம். செம்பு பத்து டிகிரி சூடேறினால் அதன் தடை நூற்றுக்கு நாலு கூடும். கிணற்று மேட்டில் வைக்கும் மோனோபிளாக் மோட்டாரை நிழலில் ஆறவைத்து, 30 டிகிரியில் அளந்தால் 3 ஓம். மணிக்கணக்கில் ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் 3.57 ஓம். அப்படியானால் காயில் 80 டிகிரியில் இருக்கிறது. காயிலின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருக முடியாது. கம்பியே தன் சூட்டைச் சொல்கிறது. பழைய குண்டு பல்பிலும் இதையே பார்க்கலாம். 60 வாட் பல்பு எரியும்போது 882 ஓம். அணைத்து ஆறியபின் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. போட்ட கணத்தில் பல்பு ஃபியூஸ் ஆவதற்குக் காரணம் அந்தக் குளிர்ந்த கம்பியில் பாயும் பெரிய கரண்ட்.

இந்தக் கணக்கெல்லாம் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் இறங்கி வந்தபிறகுதான் கோவை மில்களும் தோட்டங்களும் வேறு வேகம் எடுத்தன. பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் 1926-லேயே தொடங்கிவிட்டது. சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் நாட்டின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தார்கள். பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி என்று பட்டறைகள் பெருகின. நாடு முழுக்க வயல்களில் தண்ணீர் தூக்கும் பம்புகளில் பெரும்பங்கு கோயம்புத்தூரிலிருந்து போனவை.

கரண்டுக்காக உயிர் கொடுத்த மண்ணும் இதுதான். மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா வித்தியாசத்துக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடியபோது, 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஒரு பைசாவா என்று இன்றைக்குத் தோன்றும். ஐந்து எச்.பி. மோட்டார் மணிக்கு ஐந்து யூனிட். பத்து மணி நேரம் ஓடினால் ஐம்பது யூனிட். ஒரு பைசா வீதம் நாளைக்கு ஐம்பது பைசா, மாதத்துக்குப் பதினைந்து ரூபாய். 1970-இல் கிணற்றுத் தண்ணீரை நம்பிய சம்சாரிக்கு அது சின்னத் தொகையில்லை. அந்தத் தலைமுறை யூனிட்டை விரல் நுனியில் வைத்திருந்தது.

1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அது வேண்டிய உதவி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், கேபிளில் வீணாகும் ஒரு எச்.பி. யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது. பில்லாக வந்திருந்தால் ஒரே மாதத்தில் கேபிளை மாற்றியிருப்போம். இப்போது அது பில்லாக வருவதில்லை. தண்ணீர் குறைவாகவும், எரிந்த காயிலாகவும், மோட்டார் ஏற்றும் வண்டி வாடகையாகவும் வருகிறது. கரண்ட் இலவசம், செம்பு இலவசமில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் அரை எச்.பி. வீணாக்கினாலும், டிரான்ஸ்பார்மருக்குப் போகும் சுமை கூடி, பக்கத்துத் தோட்டத்து வோல்ட்டேஜும் இறங்குகிறது.

இதில் சம்சாரி தானே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஓடும் மோட்டாரின் பெட்டியைத் திறந்து உள்ளே அளப்பது பழகிய எலக்ட்ரீஷியனின் வேலை, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். அவர் வந்தால் ஒன்று சொல்லுங்கள்: மோட்டார் ஓடும்போது, ஸ்டார்ட்டரில் ஒரே பேஸின் உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவே வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். நல்ல கான்டாக்ட் என்றால் சுழியத்தை ஒட்டி இருக்கும். இரண்டு வோல்ட் காட்டினால், 13 ஆம்பியருக்கு அங்கே 0.15 ஓம் தடை, 26 வாட் சூடு. கான்டாக்ட் கருகிக்கொண்டிருக்கிறது; சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். அதை விட்டால் ஒருநாள் ஒரு பேஸ் அறுந்து மோட்டாரைக் கொண்டுபோகும்.

புது மோட்டார் இறக்கிய அன்றும், ரீவைண்டிங் ஆகி வந்த அன்றும், நன்றாகத் தண்ணீர் ஊற்றும்போது மூன்று பேஸ் வோல்ட்டேஜையும் மூன்று வயரின் ஆம்பியரையும் அளந்து, ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். கூடவே தேதி, மோட்டார் எத்தனை அடியில் இருக்கிறது, கேபிள் எத்தனை ஸ்கொயர், எத்தனை ஒட்டு. வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுங்கள். அதன் அறிவியல் புத்தகத்தில் ஓம் விதியும் ஜூல் விதியும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை முள்ளைப் பார்த்து, எழுதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வோல்ட்டேஜ் அப்படியே இருக்க ஆம்ப்ஸ் இரண்டு ஏறினாலோ இறங்கினாலோ, மோட்டாரை நிறுத்திவிட்டு, எரிவதற்கு முன் உங்கள் பிட்டரைக் கூப்பிடுங்கள்.